யாரும் இல்லாதபோது கடிக்கும் மெஷின்

துலூத்,
செப்டம்பர் 27, 1971

அன்புள்ள தம்பி ரெய்னோ,

அப்பாவை வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு குழறுகிறது. திட்டுவது மட்டும் தெளிவாக வருகிறது, அதனால் பிழைத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

மின்னபோலிஸில் வேலையை விட்டுவிட்டேன். அம்மாவை அந்த மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வருஷம் இந்த ஊரைவிட்டுப் போனவள், பதினோரு வருஷம் கழித்து அதே சமையலறையில் அதே கெட்டிலில் காபி போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஏரியில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருக்கிறாய். வேறு யார் பார்ப்பது?

அப்பாவால் மாடி ஏற முடியாது. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கட்டில் போட்டோம். அம்மா போன பிறகு இத்தனை வருஷமும் அங்கே நின்றிருந்த, துணி உலர்த்தும் டிரையரை ஹில்யா அத்தையின் பையன்கள் நிலவறைக்கு இறக்கினார்கள். அம்மா வீட்டில் இருந்தபோது நின்ற அதே மூலைதான். சுவரில் பழைய பிளக் பாயின்ட் அப்படியே இருந்தது. வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, ஒரே ஒரு பெல்ட்தான் மாற்றியிருக்கிறேன் என்று அப்பா கட்டிலில் படுத்தபடியே குழறிக் குழறிப் பெருமை பேசினார். பொய்யில்லை. அவருடைய விரிப்புகளைத் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது. ஈரமாகப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் மொடமொடவென்று எடுத்துவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று நாலு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சனிக்கிழமை அதன் கதவைத் திறக்கக் கை வைத்தபோது முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. ஷாக் என்றுதான் நினைத்தேன். அத்தை வந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் தொட்டாள், நானும் தொட்டேன். ஒன்றும் இல்லை. அவள் போன பிறகு மறுபடியும் கடித்தது.

பார், "கடித்தது" என்று எழுதிவிட்டேன். அது அம்மாவின் வார்த்தை, அவளை அங்கே கொண்டுபோன வார்த்தை. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

உன் அக்கா
சைமா


ஹியூரான் ஏரி,
அக்டோபர் 5

அக்கா,

உன் கடிதம் டெட்ராய்ட்டில் தபால் படகிலிருந்து கயிறு கட்டிய வாளியில் ஏறி வந்தது. கூடவே சமையல்காரனுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸும் வந்ததால் இரண்டு நாளாகச் சூப்பில் உப்பு இல்லை.

கம்பளித் துணியை உருட்டினால் கையில் பொறி தட்டத்தான் செய்யும். இங்கே எஞ்சின் அறையில் எனக்குத் தினம் தட்டுகிறது. அந்த மெஷின் அப்பாவை மாதிரி. பழசு, முரடு, சீக்கிரத்தில் சாகாது, தொட்டால் சீறும். மெக்கானிக் யாரையாவது கூப்பிட்டுக் காட்டிவிடு.

இரவில் தூங்குகிறாயா? சரியாகச் சாப்பிடுகிறாயா? கேட்கிறேனே என்று கோபப்படாதே. நீ அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய், பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு இருந்தவன் நான். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, பந்தைத் தேடி நிலவறைக்கு இறங்கினேன். அம்மா மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் துடைப்பத்தை எடுத்து என் தோளிலேயே அடித்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. "அது உனக்காகத்தான்டா காத்திருக்கு" என்றாள். எனக்கு இன்னும் அந்தக் கனவு வருகிறது.

அதனால்தான் இதையெல்லாம் கேட்கிறேன். அத்தையிடம் இனி எதுவும் சொல்லாதே. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தாளில் அப்பாவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

ரெய்னோ


துலூத்,
அக்டோபர் 14

அன்புள்ள ரெய்னோ,

மெக்கானிக் லண்டீன் திங்கட்கிழமை வந்துபோனார். மழை. சேற்று பூட்ஸோடு இறங்கினார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு வாளி நூல்தூசி அள்ளினார். மெஷினை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"ஒண்ணுமில்லையேம்மா. இப்ப வர்ற மெஷினெல்லாம் ஏழு வருஷம் தாண்டாது. இது நம்ம ரெண்டு பேரையும் புதைச்சிட்டுத்தான் ஓயும்" என்றார்.

அவர் பக்கத்தில் நின்று நானும் தொட்டுப் பார்த்தேன். கணகணவென்று இதமாக இருந்தது. எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது, நிம்மதியில்.

அவர் போனதும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சேற்றைக் கழுவினேன். பிறகு துணியை எடுக்கப் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். இந்த முறை அது விடவில்லை, ரெய்னோ. கை என்னுடையதாகவே இல்லை. கத்த நினைத்தேன், வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. கால் வழுக்கி நான் விழுந்ததால் கை பிடுங்கிக்கொண்டு வந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத மாட்டேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "சமையலறைப் பக்கத்துல… இத்தனை வருஷம்… ஒரு தடவைகூட எனக்கு…" என்றவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் அம்மா பேசும்போது நாம் எல்லோரும் அவளைப் பார்த்த பார்வை அது.

விரிப்புகளைச் சமையலறையில் கொடி கட்டிக் காயப்போட்டேன். இரண்டு நாள் ஆகியும் காயவில்லை. ஈரத்தில் அப்பாவுக்கு இருமல் வந்து மூச்சு இழுக்கிறது. வெளியே போட்டால் ஏரிக்காற்றில் விறைத்துப்போகிறது. அவரைத் தனியாக விட்டுவிட்டுச் சலவைக் கடைக்குப் போக முடியாது. ஆகவே இறங்குகிறேன். படியில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறேன். யாராவது கூட இருந்தால் அது கடிப்பதில்லை. தனியாகப் போனால் மட்டும்தான். எல்லா நாளும்கூட இல்லை. ஒரு மெஷினுக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் கோளாறு யாரிடம்?

வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

சைமா


சுப்பீரியர் ஏரி,
அக்டோபர் 22

அக்கா,

மூன்று நாளாகப் புயல். கப்பல் நடுவில் வளைந்து நிமிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். எல்லோரும் அதற்குப் பயப்படுகிறார்கள். நான் சட்டைப்பையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வேறு பயம் பயப்படுகிறேன்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், திட்டு. புயலுக்கு முன்பு கரையைத் தொட்டதும் ஹில்யா அத்தைக்கு எழுதிப் போட்டேன். அத்தையிடம் சொல்லாதே என்று சொன்னவன் நானேதான். ஆனால் நீ நிலவறையில் விழுந்து கிடந்தால் அப்பாவால் கட்டிலை விட்டு இறங்கிவரக்கூட முடியாது. வீட்டில் போனும் இல்லை. எனக்கு வேறு யாரைத் தெரியும்?

டாக்டர் ஹால்வர்சனிடம் ஒருமுறை பேசு. சில நாள் ஓய்வு, அவ்வளவுதான். அம்மாவுக்கும் ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று அப்பா ஒருமுறை சொன்னார். இப்போதெல்லாம் நல்ல மாத்திரைகள் வந்திருக்கின்றனவாம்.

உன்னை இழக்க எனக்குத் தைரியமில்லை, அக்கா.

ரெய்னோ


துலூத்,
அக்டோபர் 29

ரெய்னோ,

அத்தை உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தாள். அதை நறுக்கிக்கொண்டே, "நீயும் அவளை மாதிரியே கையைத் தேச்சிக்கிட்டே இருக்கியேடி" என்றாள். குனிந்து பார்த்தேன். தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வரும் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு டாக்டரோடு வருகிறாளாம். சும்மா பேசிப் பார்க்கத்தான் என்கிறாள். அம்மாவிடமும் சும்மா பேசிப் பார்க்கத்தான் வந்தார்கள். அப்போது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு கோட்டை மாட்டிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி மாவின் மேல் ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் போனாள். அந்த மாவை நான்தான் கொட்டினேன். உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ அப்போது எட்டாவது, பள்ளியில் இருந்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம். அதைவிட, நீ நினைப்பது சரியாக இருக்குமோ என்ற பயம் பெரிதாக இருக்கிறது. நேற்று மெஷின் ஓடாதபோதும் அதன் சத்தம் கேட்பதுபோல இருந்தது. உண்மையில் கேட்டதா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அத்தையிடம் சொல்வார்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நான் அமைதியாக ஒரு கடிதம் எழுதினால், நன்றாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதினால், அதை நம்பாதே.

சைமா


டெட்ராய்ட் ஆற்றில்,
நவம்பர் 3

அக்கா,

இன்று காலை உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பதில் வியாழனுக்குள் வந்து சேராது. தெரிந்தும் எழுதுகிறேன். தபால் படகுக்காரனிடம் பணம் கொடுத்து அத்தைக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். "சைமாவைக் கொண்டுபோகாதே, நான் வரும்வரை பொறு" என்று. அடிப்பான் என்று நம்புகிறேன்.

புயலில் தூங்க முடியாமல் யோசித்துக்கொண்டே இருந்தேன். மின்னபோலிஸில் நீ அத்தனை வருஷம் இருந்தாய். எதுவும் உன்னைக் கடிக்கவில்லை. சமையலறைப் பக்கத்து அறையில் மரத்தரையில் மெஷின் நின்றது. அப்பாவை ஒருநாளும் கடிக்கவில்லை. நிலவறையில், அந்த மூலையில், ஈரச் சிமெண்டில் நிற்கும்போது உன்னைக் கடிக்கிறது. அம்மாவையும் அதே மூலையில்தான் கடித்தது. பைத்தியம் மூலை பார்த்து வருமா? கூட யாராவது இருந்தால் கடிப்பதில்லை என்கிறாயே, விருந்தாளி வந்தால் நீ ஷூ போட்டுக்கொள்வாய். தனியாக இருந்தால்? அம்மா சாக்ஸோடுதான் இறங்குவாள். ஷூ நனைந்துவிடும் என்பாள்.

அன்றைக்கு நானும் சாக்ஸோடுதான் இறங்கினேன். அவள் என்னை அடித்தது எதற்கு என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அதைத் தொடாதே. பியூஸைப் பிடுங்கிவிடு. ஈரக்கையோடு அதையும் செய்யாதே. கடவுளே, இந்தத் தாள் உன் கையில் இருக்கும்போது நீ எங்கே இருப்பாயோ.

ரெய்னோ


துலூத்,
நவம்பர் 5

அன்புள்ள தம்பி,

வீட்டில்தான் இருக்கிறேன். முதலில் அதைப் படித்துக்கொள். பிறகு மற்றதைப் படி.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுக் கோவாச் அம்மாள், அப்பாவுக்கென்று முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய நாய் மிஷ்கோவும் கூட வந்தது. நிலவறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கும் தொட்டியிலிருந்து வழிந்து தரை முழுக்கத் தண்ணீர். நாய் விடுவிடுவென்று படியிறங்கிப் போய் மெஷினை முகர்ந்தது. அது போட்ட ஊளையை நீ கேட்டிருக்க வேண்டும். ஒரே பாய்ச்சலில் மேலே வந்து அப்பாவின் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. இறைச்சியைக் காட்டியும் வெளியே வரவில்லை.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாய்க்கு நம் அம்மாவைத் தெரியாது. நாம் பேசிக்கொண்டது எதையும் அது கேட்டதில்லை. அதன் கால் ஈரமாக இருந்தது. குனிந்து என் காலைப் பார்த்தேன், சாக்ஸ் நனைந்திருந்தது. கோவாச் அம்மாளின் காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

இரண்டு மணிக்கு அத்தையும் டாக்டரும் வந்தார்கள். டாக்டர் மடியில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எதையாவது பார்த்து மிரளுகிறாயா என்று மெல்ல ஆரம்பித்தார். பைக்குள்ளே தாள் இருந்தது தெரிந்தது. கீழே வந்து பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றேன்.

டாக்டர் ஷூவுக்கு மேல் ரப்பர் உறையோடு இறங்கினார். ஓடிக்கொண்டிருந்த மெஷினில் கை வைத்தார். "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார். ஷூவைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் என்னை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

என்ன நினைத்தாளோ, அத்தை படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். "நான் தொடறேன். ஒண்ணும் ஆகலைன்னா நீ மறுபேச்சுப் பேசாம எங்ககூட வரணும்" என்றாள்.

அவளுக்கு அறுபத்துமூன்று வயது. வேண்டாம் அத்தை, நானே வந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அதற்குள் அவள் தண்ணீரில் கால் வைத்துவிட்டாள்.

"உள்ளங்கையால வேணாம் அத்தை. புறங்கையால தொடுங்க. உள்ளங்கையைப் பிடிச்சா அது விடாது" என்றேன்.

தொட்டாள். கை தூக்கியடித்து அவள் முகத்திலேயே பட்டது. மூக்குக் கண்ணாடி பறந்தது. டாக்டர் பிடிக்கப் போனார், அவரைத் தள்ளிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குறையும் இல்லாமல்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்கம்மா எல்மா இதைத்தானேடி சொன்னா. ஷூவைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை நான் தொட்டுப் பாத்திருக்கலாம்."

டாக்டர் தாளை வெளியே எடுக்கவே இல்லை. நான் பியூஸைப் பிடுங்கினேன். அத்தையை மேலே கூட்டிப்போய்க் காபி கொடுத்தேன். கோப்பையை அவளால் பிடிக்க முடியவில்லை.

உன் சைமா


துலூத்,
நவம்பர் 15

அன்புள்ள ரெய்னோ,

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது. தந்தி வரவே இல்லை. அந்தப் படகுக்காரனை நீயே பார்த்துக்கொள். கோபமெல்லாம் போய்விட்டது. நீயும் நானும் ஒரே வாரத்தில் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம், அது போதும்.

துறைமுகத்தில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கோவாச் அம்மாள் அழைத்துவந்தாள். முழுசாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் தொய்ந்துபோய், சூடானதும் இறங்கி மெஷினின் உடம்பைத் தொடுகிறதாம். உடம்பிலிருந்து கரண்டைத் தரைக்கு இறக்கிவிட வேண்டிய கம்பியை முதலிலிருந்தே யாரும் மாட்டவில்லையாம். ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, துணி நன்றாகவே காயும் என்றார். ஈரத்தரையில் நின்று தொடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம் என்றார். அத்தையின் பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இன்னமும் படியிறங்கும்போது அந்த மூலையை முதலில் பார்க்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். அத்தை காரோட்டிக்கொண்டு வந்தாள், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அம்மா ரொம்ப இளைத்திருக்கிறாள். மாத்திரையில் கை ஆடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து மெஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உடனே பயந்துபோய்க் காவல் நர்ஸ் எங்கே இருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுடி. அவங்க காதுல விழுந்தா இன்னும் ஆறு மாசம் சேத்துப்பாங்க. நான் அதைப் பத்திப் பேசறதே இல்லை. கடிக்கவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

கடித்தது அம்மா, நிஜமாகவே கடித்தது, அத்தையையும் கடித்தது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றேன். அவளுக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று.

"உனக்கும் கடிச்சுதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். என் கையை எடுத்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஊதிவிட்டாள். சின்ன வயதில் விழுந்து சிராய்த்துக்கொண்டு வந்தால் ஊதுவாளே, அப்படி.

அங்கிருக்கும் பெரிய டாக்டரையும் பார்த்தேன். மெஷின் விஷயம் சரியாகவே இருக்கலாம், ஆனால் இத்தனை வருஷத்தில் வேறு பலதும் குறிப்பில் இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. சொன்னதையே அம்மா மூன்று தடவை கேட்டாள். கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து நின்றாள். இவளை அங்கே வைத்துத்தான் இப்படி ஆக்கினார்களா, முன்பே கொஞ்சம் இருந்ததா, இனி யாரால் சொல்ல முடியும்? பண்டிகைக்குப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். அது நல்லபடியாகப் போனால் அப்புறம் பேசலாமாம். இரண்டு நோயாளிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று ராத்திரி முழுக்கப் பயம். ஆனாலும் அவள் அறையை ஒழித்துவிட்டேன்.

அடுத்த நடையோடு குளிர்காலத்துக்காகக் கப்பலைக் கரையில் கட்டிவிடுவார்கள் அல்லவா, முடிந்தவரை சீக்கிரம் வா. கிளம்பும்போது அம்மா உன்னைப் பற்றித்தான் கேட்டாள். "ரெய்னோ எத்தனாவது படிக்கிறான்?" என்றாள்.

எட்டாவது என்று சொல்லிவிட்டேன்.

சைமா